பாவாயி நின்ற இடங்கள்

தை மாதம் இரண்டாவது திங்கட்கிழமை காலை ஏழே முக்கால் மணிக்கு எங்கள் சேகோ மில்லின் கேட்டுக்கு அறுபத்தொரு பாவாயிகள் வந்தார்கள். எல்லாருக்கும் அதே ஊதாப்பூச் சேலை, எல்லாருக்கும் இடது புருவத்தில் அதே தழும்பு. ஒருத்தி கையில் மட்டும் சோற்றுத் தூக்குப்போசி இருந்தது, மற்ற அறுபது பேரும் வெறுங்கையோடு நின்றார்கள். வாட்ச்மேன் கேட்டை முழுசாகத் திறந்துவிட்டு, "நெரிச்சுக்காம ஒவ்வொருத்தரா வாங்க" என்றாரே தவிர வேறொன்றும் கேட்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை. கிழங்கு லோடு வந்து நிற்கிற நேரத்தில் யார் எத்தனை பேராக வந்தார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்க யாரால் முடியும்?

நான் அந்த மில்லில் களத்து வேலைக்காரி. வறுத்த ஜவ்வரிசியை வெயிலில் கொட்டிக் காலால் கோடு போட்டுக் கிளறிவிடுவது என் வேலை. பாவாயி வறுக்கிறவள். குச்சிக்கிழங்கை, மரவள்ளியைத்தான், அரைத்துப் பால் எடுத்து, தொட்டியில் தெளியவிட்டு, அடியில் தங்கின ஈரமாவைக் குலுக்கி மணியாக்கிக் கொண்டுபோய்க் கொடுத்தால், அவள் பெரிய இரும்புத் தட்டில் எண்ணெய்த் துணியால் தடவி, மணிகளைப் போட்டு, வெந்தும் வேகாமலும் இருக்கிற ஒரு பதத்தில் எடுத்துத் தருவாள். கொஞ்சம் முந்தினால் களத்தில் என் காலடியில் மாவாக உதிரும், கொஞ்சம் பிந்தினால் தட்டோடு ஒட்டிக் கருகும். பதினெட்டு வருஷம் அவள் வறுத்தது உதிர்ந்ததும் இல்லை, கருகியதும் இல்லை. அதற்காக அவளை யாரும் ஒரு வார்த்தை மெச்சினதும் இல்லை, நான் உட்பட.

வெளிநாட்டில் ஜவ்வரிசி வாங்குகிற ஒரு கம்பெனிக்காரர்கள், உங்கள் மில்லில் ஒவ்வொரு வேலையும் எப்படி நடக்கிறது என்று படிப்படியாக எழுதி அனுப்புங்கள், அப்புறம் வாங்குவதைப் பற்றிப் பேசலாம் என்று சொல்லிவிட்டார்களாம். அதற்காக எங்கள் முதலாளி வையாபுரி சேலத்திலிருந்து ஜெயசீலன் என்றொருவரைக் கூட்டிவந்தார். வேலையைப் பிரித்து எழுதுவதுதான் அவருக்கு வேலை. மெலிந்த உடம்பு, சட்டைப்பையில் மூன்று பேனா, யாரைக் கண்டாலும் முதலில் வணக்கம் சொல்கிற மனுஷன். அவரைக் கெட்டவர் என்று சொன்னால் என் வாய் அழுகிவிடும். முதல் நாள் அவர் பாவாயியின் அடுப்பு முன்னால் அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டு, 'ஜவ்வரிசி வறுத்தல்' என்று ஒரே வரி எழுதிக்கொண்டுபோய்க் காட்டினார். வையாபுரி அதைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"ஏங்க சார், இத எழுதறதுக்கு உங்கள சேலத்துல இருந்து கூட்டியாரணுமா? எங்க வாட்ச்மேன் எழுதிக் குடுத்துருப்பானே!"

ஜெயசீலனுக்கு முகம் சுண்டிவிட்டது. மறுநாள் காலையில் ஒரு ஸ்டூலும் கையில் நேரம் பார்க்கிற கருவியுமாக வந்து உட்கார்ந்தவர் நான்கு நாள் எழுந்திருக்கவில்லை. கை ஒரு தடவை அசைந்தால் ஒரு படி என்று வைத்துக்கொண்டார். துணியை எடுக்கிறாள், ஒரு படி. எண்ணெயில் நனைக்கிறாள், இன்னொரு படி. பிழிகிறாள், உதறுகிறாள், தட்டின் ஓரத்தில் வைக்கிறாள், உள்பக்கமாகத் தடவுகிறாள், ஒவ்வொன்றும் ஒரு படி. நான்காம் நாள் சாயங்காலம் கணக்காக அறுபத்தொன்று ஆயிற்று. அதை அவளுக்கு முழுசாகப் படித்துக் காட்டினார். அவளும் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு முழுசாகக் கேட்டாள்.

"எல்லாம் சரிதாங்க சார். நான் சும்மா நின்னத எழுதலீங்களே?"

"சும்மா நின்னா அது வேலை இல்லையேம்மா."

"நடுவுல நடுவுல நிப்பனுங்க சார்."

"பாத்தேன்மா. அந்த நேரத்தையெல்லாம் கழிச்சிட்டேன்."

"கழிச்சிட்டீங்களா?" என்று சிரித்துவிட்டு அவள் தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள். ஞாயிற்றுக்கிழமை வையாபுரி அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டு, பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து, அடுப்புக்கு மேலே சுவரில் ஒட்டினார். திங்கட்கிழமை காலையில்தான் நான் சொன்னேனே, அந்த அறுபத்தொரு பேர்.

வீட்டில் நடந்ததை அவள் புருஷன் மாதையன் அப்புறம் சொன்னார். அவர் கிழங்கு டிராக்டர் ஓட்டுகிறவர், அதிகம் பேசாதவர். விடிந்து எழுந்து பார்த்தால் சமையல்கட்டிலிருந்து வாசல் தாண்டிச் சந்து வரைக்கும் பாவாயிகள் வரிசையாக நின்றிருக்கிறார்கள். "டீ போடு" என்றாராம், ஒருத்தியும் அசையவில்லை. டீ போடுவது எந்தப் படியிலும் இல்லையே. ஒன்பது வயசு மகள் கனிஷ்கா பாயிலிருந்து எழுந்து, வரிசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்து, "இதுல எது அம்மா?" என்று கேட்டதாம். மாதையன் டிராக்டரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

மில்லில் அவர்கள் அடுப்பைச் சுற்றி நம்பர் வரிசையில் நின்றார்கள். ஒருத்தி துணியை எடுத்து அடுத்தவளிடம் கொடுத்தாள், அடுத்தவள் நனைத்துக் கொடுத்தாள், அதற்கடுத்தவள் பிழிந்து கொடுத்தாள். இப்படியே கை மாறிக் கை மாறிக் கடைசியில் அறுபத்தொன்றாமவள் கூடையைத் தூக்கி எனக்குக் கொடுத்தபோது ஜவ்வரிசி எப்போதும்போலத்தான் இருந்தது. வையாபுரி நாற்காலி போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார். இவர்களுக்கெல்லாம் சாப்பாடு யார் போடுவது என்று மத்தியானம் பேச்சு வந்தது. தூக்குப்போசியில் இருந்ததோ ஒரு ஆள் சோறு. நாங்கள் ஆளுக்கு ஒரு பிடி எடுத்து வைத்து, வாயருகே கொண்டுபோய்க் கொடுத்தால்தான் அவர்கள் சாப்பிட்டார்கள். தானாகக் கையை வாய்க்குக் கொண்டுபோகிறவள் அந்த அறுபத்தொன்றில் இல்லை.

மனுஷனுக்கு எதுவும் பழகிப்போகும் என்பதை அந்தப் பத்து நாளில் பார்த்தேன். இரண்டாம் நாளே நாங்கள் அவர்களை நம்பர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டோம். மூன்றாம் நாள் சந்தில் இருந்தவர்கள், குடத்தைச் சாய்க்கத் தோதாக இருக்கிறாள் என்று கூடையைச் சாய்க்கிற பதினேழாமவளைக் குழாயடிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். பிழிகிறவளைத் துணி துவைக்கிற கல்லுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர்கள் 'திரு. மாதையன், திருமதி பாவாயிகள்' என்று எழுதி வைத்துவிட்டு, "எல்லாருமே வந்துருங்க" என்று வாய் நிறையக் கூப்பிட்டார்கள். பஸ் கண்டக்டர் அவர்களுக்கென்று பின்வாசலை ஒதுக்கினார். சேலை கொடுத்தவர்கள் கொடுத்தார்கள். இது என்ன, ஏன், எப்படி என்று கேட்டவர் ஒருவர்கூட இல்லை. கேட்டால் அதற்கப்புறம் ஏதாவது செய்ய வேண்டியிருக்கும் என்று எல்லாருக்கும் உள்ளுக்குள் தெரிந்திருந்தது என்று இப்போது நினைக்கிறேன்.

அந்தப் பிள்ளை மட்டும் கேட்பதை நிறுத்தவில்லை. பள்ளிக்கூடம் விட்டு நேராக மில்லுக்கு வந்துவிடும். ஒவ்வொருத்தி முன்னாலும் போய் நின்று, "நான் யாரு சொல்லு" என்னும். ஒருத்திக்கும் தெரியவில்லை. கனிஷ்கா என்கிற பெயர் ஜவ்வரிசி வறுக்கிறதுக்கு எங்கே வேண்டியிருந்தது? ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, அது இருபத்தொன்பதாமவளைக் கண்டுபிடித்தது. தட்டில் கொட்டின ஈர மணிகளை உள்ளங்கையால் மெதுவாகப் பரப்பிவிடுவது அவள் வேலை. வேலை முடிகிற நேரம், அவள் கை தட்டின் மேலே கடைசியாக ஒரு தடவை போய் விளிம்புக்கு வரும்போது, பிள்ளை குனிந்து தன் தலையை அந்தக் கைக்கு அடியில் கொடுத்தது. கை தலையைத் தடவியது. முன்னிருந்து பின்னாக, பின்னிருந்து முன்னாக, மாவைத் தடவுகிற அதே வேகத்தில். பிள்ளை கண்ணை மூடிக்கொண்டது. "இதுதான் எங்கம்மா" என்று என்னிடம் வந்து சொன்னபோது அதன் நெற்றியெல்லாம் எண்ணெயும் மாவும் அப்பியிருந்தது. நான் துடைத்துவிடப் போனேன், துடைக்க விடவில்லை.

பதினோராம் நாள் விறகு லாரி வரவில்லை. அடுப்புக்குத் தீ போடுகிற சடையன் அண்ணன் பக்கத்துத் தோப்பிலிருந்து காய்ந்த தேங்காய்த் தொட்டிகளை, சிரட்டைகளைத்தான், வண்டியில் கொண்டுவந்து அடுப்பில் தள்ளினார். தேங்காய்த் தொட்டித் தீ விறகுத் தீயைப்போல இருக்காது, ஒரே மூச்சில் ஏறும். அவர் அடுப்பின் பின்பக்கத்துக் குழியில் உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பாவாயியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பதினெட்டு வருஷமாக அதுதான் பழக்கம். தீயை அவர் பார்ப்பதே இல்லை. தட்டுக்கு முன்னால் பாவாயி நின்று, கன்னத்தில் சூட்டை வாங்கி, அவரை ஒரு பார்வை பார்ப்பாள். புருவம் ஏறினால் தீயைத் தள்ளுவார், இறங்கினால் இழுப்பார். அன்றைக்கு அந்த ஜன்னலில் அறுபத்தொரு முகம் இருந்தது, ஒரு முகமும் அவரைப் பார்க்கவில்லை. பார்ப்பாள், பார்ப்பாள் என்று அவர் காத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். தீ ஏறிக்கொண்டே இருந்தது.

எண்ணெய்த் துணியால் தட்டைத் தடவுகிறவள் பன்னிரண்டாமவள். தட்டு சிவந்திருந்தது. அவள் குனிந்து தடவினாள். துணி பற்றிக்கொண்டது, முந்தானை பற்றிக்கொண்டது, அவள் தடவுவதை நிறுத்தவில்லை. நிறுத்துவது யாருடைய படியும் இல்லை. கத்தவும் இல்லை. பதின்மூன்றாமவள் பக்கத்திலேயே கையை நீட்டிக்கொண்டு, எரிகிற துணி தன்னிடம் வருவதற்காக நின்றாள். களத்திலிருந்து புகையைப் பார்த்து நாங்கள் சாக்கை நனைத்துக்கொண்டு ஓடிப்போய் அமுக்குவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் மூன்று நாள் இருந்தாள். கட்டுப் போட்ட அந்தக் கை மூன்று நாளும் படுக்கை விரிப்பைத் தடவிக்கொண்டே இருந்தது. நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். மூன்றாம் நாள் மத்தியானம் கை நின்றது.

செத்தது பாவாயி என்று எழுதுவதா, பாவாயிதான் அறுபது பேராக நிற்கிறாளே எப்படி எழுதுவது என்று போலீஸ்காரர் தலையைச் சொறிந்தார். ஊரில் அதைவிடப் பெரிய யோசனை. மாதையன் பொண்டாட்டியை இழந்தவரா இல்லையா? தீட்டு முழுசாகக் காக்க வேண்டுமா, அறுபத்தொன்றில் ஒரு பங்கு காத்தால் போதுமா? அரைமணி நேரம் இதைப் பேசினார்கள், நான் காதால் கேட்டேன், எனக்கு அவர்கள் வாயில் மண் அள்ளிப் போடத் தோன்றியது. கடைசியில் மாதையன் எழுந்து, "என் பொண்டாட்டி செத்துட்டா. தூக்குங்க" என்றார். சுடுகாட்டு வழியில் அறுபது பாவாயிகளும் தங்கள் பிணத்துக்குப் பின்னால் நடந்து வந்தார்கள். பதினொன்றாமவளுக்கும் பதின்மூன்றாமவளுக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்கிற இடம் விட்டு நடந்தார்கள்.

நெருப்புப் பிடித்த நாளிலிருந்து பூட்டியிருந்த மில்லை மறுநாள் திறந்ததும் வந்து அடுப்பைச் சுற்றி நின்றார்கள். முதல் பதினொரு பேர் தங்கள் வேலையைச் செய்தார்கள். துணி பதினொன்றாமவள் கையில் வந்து நின்றது, வாங்க ஆளில்லை. பதின்மூன்றாமவள் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். அவளுக்காக அடுத்தவள், அடுத்தவளுக்காக அதற்கடுத்தவள் என்று மற்ற நாற்பத்தெட்டு பேரும் நின்றார்கள். சாயங்காலம் சங்கு ஊதியும் போகவில்லை. மறுநாள் வந்து பார்த்தாலும் அப்படியே நின்றார்கள். சோற்றை ஊட்டினால் வாய் திறக்கவில்லை, ஏனென்றால் இப்போது அவர்கள் வேலையின் நடுவில் இருந்தார்கள். நான்கு நாளில் கன்னம் ஒட்டிவிட்டது. வையாபுரி வேறொருத்தியைத் துணி தடவ விட்டுப் பார்த்தார், பதின்மூன்றாமவள் அவளிடமிருந்து வாங்கவில்லை. சுவரில் இருந்த தாளைக் கிழித்துப் பார்த்தார், அதனாலும் ஒன்றும் ஆகவில்லை.

பிள்ளை வந்து இருபத்தொன்பதாமவளின் கைக்கு அடியில் தலையைக் கொடுத்தது. கை அசையவில்லை. இருபத்தெட்டாமவள் கொட்டினால்தானே அவள் பரப்ப முடியும்! பிள்ளை அந்தக் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துத் தானே தன் தலைமேல் முன்னும் பின்னுமாக இழுத்துப் பார்த்தது. டிராக்டரிலிருந்து இறங்கி வந்த மாதையன் அதைப் பார்த்தார். பார்த்தவர் கிழங்கோடு வண்டியை அப்படியே விட்டுவிட்டு, பஸ் ஏறிச் சேலத்துக்குப் போய் ஜெயசீலனைச் சட்டையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிவந்தார்.

ஜெயசீலன் அடுப்படியில் நின்று அந்த அறுபது பேரையும் பார்த்தார். அப்புறம் தரையில் உட்கார்ந்து தலையில் கையை வைத்துக்கொண்டார். அழுதார் என்று நினைக்கிறேன். மாதையன் அவர் எதிரில் உட்கார்ந்தார்.

"ஒரே வரியா எழுதிருங்க சார். எனக்கு ஒருத்தி போதும்."

"ஒரே வரி எழுதினா ஒருத்திதான் வருவாங்க அண்ணே. ஆனா வறுக்கணும்னு மட்டும்தான் அவங்களுக்குத் தெரியும். எப்ப, எப்படி, எதுவரைக்கும்னு ஒண்ணும் தெரியாது. ஒரே நாள்ல அவங்களும் எரிஞ்சு போவாங்க."

"அப்ப எத்தன வரிதான் எழுதுவீங்க?"

ஜெயசீலன் தலையிலிருந்து கையை எடுத்தார். "அவங்க நடுவுல நடுவுல நிப்பேன்னு சொன்னாங்க" என்றார். "நான் கழிச்சிட்டேன். எங்கெங்க நின்னாங்கன்னு உங்கள்ல யாருக்காவது தெரியுமா?"

எங்களுக்குத் தெரியும். பதினெட்டு வருஷம் பார்த்துக்கொண்டிருந்தோமே, தெரியாமல் எப்படி இருக்கும்? சடையன் அண்ணன்தான் முதலில் வாய் திறந்தார். தட்டுக்கு முன்னால் கன்னத்தைக் காட்டி நின்று சூடு பார்ப்பாள் என்றார். அப்புறம் தன்னைப் பார்த்து நிற்பாள், தான் தீயை இழுக்கும் வரைக்கும் கண்ணை எடுக்க மாட்டாள் என்று சொல்லி அந்த ஜன்னலைக் காட்டினார். மாவு குலுக்குகிறவள் ஒருத்தி, எண்ணெய் தடவினதும் புகை எந்த நிறத்தில் எழும்புகிறது என்று பார்க்க நிற்பாள் என்றாள். கிளறிக்கொண்டிருக்கும்போது சத்தம் மாறினால் துடுப்பை அந்தரத்தில் வைத்துக்கொண்டு நிற்பாள் என்றேன் நான். எடுப்பதற்கு முன்னால் ஒரு மணியை நகத்தில் வைத்து அமுக்கிக்கொண்டு நிற்பாள் என்று இரண்டு மூன்று பேர் ஒரே குரலாகச் சொன்னார்கள். ஒரு ஈடு முடிந்ததும் தூணில் சாய்ந்து களத்தைப் பார்த்து நிற்பாளே, அதைப் பற்றி மட்டும் சண்டை வந்தது. வெயில் எப்படி இருக்கிறது, அடுத்த ஈட்டை இன்னும் கொஞ்சம் வறுக்கலாமா என்று பார்க்கிறாள் என்றார் சடையன் அண்ணன். அதெல்லாம் இல்லை, இடுப்பு வலிக்குச் சாய்ந்து நிற்கிறாள் என்றேன் நான். ஜெயசீலன் இரண்டில் எது என்று கேட்காமல் அதையும் எழுதிக்கொண்டார்.

மொத்தம் ஆறு. எங்கெங்கே நிற்பாளோ அங்கங்கே வேலையை வெட்டினார். ஒரு நிற்பதிலிருந்து அடுத்த நிற்பது வரைக்கும் கை எத்தனை தடவை அசைந்தாலும் அது ஒரே படி, அதை அவள் பாட்டுக்குச் செய்துகொள்வாள் என்று விட்டுவிட்டார். வையாபுரி மறுபேச்சுப் பேசாமல் கையெழுத்துப் போட்டார். நாங்கள் பார்த்துக்கொண்டே இருக்கும்போது அந்த அறுபது பேரும், கூட்டம் கலைகிற மாதிரி, ஒருத்தர் பின்னால் ஒருத்தர் மறைந்து, கடைசியில் அடுப்படியில் ஆறு பேர் நின்றார்கள். ஒருத்தி துடுப்பைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் கேட்டாள். ஒருத்தி கால் வலிக்கிறது என்று உட்கார்ந்தாள். ஒருத்தி தட்டைப் பார்த்துவிட்டு ஜன்னல் வழியே எட்டி, "இத்தன தீ எதுக்கு? இழுங்க" என்று அதட்டினாள். சடையன் அண்ணன் அடுப்புக் குழியில் உட்கார்ந்து ஓவென்று அழுதார்.

அந்த ஆறு பேரும் இன்றைக்கும் எங்கள் மில்லில்தான் வேலை செய்கிறார்கள். பசித்தால் சாப்பிடுகிறார்கள், முடியாவிட்டால் முடியாது என்கிறார்கள், சூடு ஏறினால் விலகிக்கொள்கிறார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அன்றைக்குச் சங்கு ஊதினதும் மாதையன் அவர்கள் எதிரில் போய் நின்றார். பஸ்ஸில் பக்கத்தில் நிற்கிற ஆளைப் பார்க்கிற மாதிரி ஆறு பேரும் அவரைப் பார்த்தார்கள். பிள்ளை ஆறு பேரின் கையையும் வரிசையாகத் தொட்டுப் பார்த்தது. ஒருத்தி, "யாரு பாப்பா நீ? இங்கெல்லாம் வரக்கூடாது, அடுப்பு" என்றாள். வீட்டுக்குப் போக வழி தெரியாததால் அவர்கள் மில் குடோனிலேயே தங்கிக்கொண்டார்கள்.

மறுநாள் ஜெயசீலன் மாதையன் வீட்டுக்கே போனார், நாங்களும் நாலைந்து பேர் கூடப் போனோம். பதினெட்டு வருஷத்தில் நான் பாவாயியின் வீட்டுக்குள் கால் வைத்தது அன்றைக்குத்தான். வீட்டுக்கும் ஒரு தாள் எழுதலாம் என்றார் ஜெயசீலன், அவள் வருவாள் என்றார். மாதையனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. சமைப்பாள், துணி துவைப்பாள், பாத்திரம் கழுவுவாள், தண்ணீர் பிடிப்பாள், எனக்கு முதுகு தேய்ப்பாள் என்று விரலை மடக்க ஆரம்பித்தார். பிள்ளை ஓடிவந்து அவர் வாயைப் பொத்தியது.

"சொல்லாதப்பா! நெறைய அம்மா வந்துருவாங்க. எனக்கு ஒரு அம்மாதான் வேணும்."

"அப்படிக் கேக்கக் கூடாது அண்ணே," என்றார் ஜெயசீலன். "வீட்டுல அவங்க எங்க நிப்பாங்க? எந்த எடத்துல கை வேலைய விட்டுட்டுச் சும்மா நின்னாங்க? அதச் சொல்லுங்க."

மாதையன் யோசித்தார். ரொம்ப நேரம் யோசித்தார். "அவ எங்கீங்க சார் சும்மா நின்னா?" என்றார் கடைசியில். "நான் பாத்தது இல்லீங்களே."

ஜெயசீலன் எங்களைப் பார்த்தார். நாங்கள் தரையைப் பார்த்தோம். அவள் அடுப்பைப் பற்றி ஆறு சொன்ன வாய்க்கு, அவள் வீட்டைப் பற்றிச் சொல்ல அரை வார்த்தை இல்லை. பொங்கும் பாலுக்கு முன்னால் அவள் நின்றிருப்பாள், தூங்குகிற பிள்ளையின் பாய்க்குப் பக்கத்தில் நின்றிருப்பாள், வருகிறேன் என்ற புருஷன் வராத சாயங்காலங்களில் சந்துப் பக்கம் பார்த்து நின்றிருப்பாள். நின்றிருக்காமல் இருப்பாளா? பார்த்தவர் யாரும் இல்லை. ஊகித்து எழுதக்கூடாது, ஒருமுறை எழுதினது போதும் என்று ஜெயசீலன் சொல்லிவிட்டார். அவர் சொன்னதும் நியாயம்தான். கடைசியில் அவர் பிள்ளையின் எதிரில் குந்தி உட்கார்ந்து கேட்டார். பிள்ளை கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"நான் ஸ்கூலுக்குப் போறப்ப வாசல்ல நிப்பாங்க. முக்குத் திரும்பற வரைக்கும் என்னையே பாத்துட்டு நிப்பாங்க. நான் திரும்பித் திரும்பிப் பாப்பேன், நின்னுட்டே இருப்பாங்க."

"வேற எங்கயாவது நிப்பாங்களாம்மா?"

"எனக்கு அதுதான் தெரியும்."

அவர் அதை எழுதினார். ஒரே வரி. கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில் பிள்ளை தன் பெயரை இனிஷியலோடு எழுதியது. தலையை நிமிர்த்திப் பார்த்தபோது வாசலில் பாவாயி நின்றுகொண்டிருந்தாள். அதே தழும்பு, அதே ஊதாப்பூச் சேலை. பிள்ளையைப் பார்த்தாள், அந்தப் பார்வையில் அவளுக்குப் பிள்ளையைத் தெரிந்திருந்தது, சத்தியமாகத் தெரிந்திருந்தது. பிள்ளை ஓடிப்போய் இடுப்பைக் கட்டிக்கொண்டது. பாவாயி நின்றுகொண்டே இருந்தாள்.

அன்றிலிருந்து அவள் நிற்கிறாள். பிள்ளை கண்ணில் பட்டால் எழுந்து வாசலுக்கு வந்து நிற்பாள். பள்ளிக்குக் கிளம்பினால் முக்குத் திரும்பும் வரைக்கும் நிற்பாள். திரும்பி மறைந்தால்தான் சுவரோரம் உட்காருவாள், யாராவது கொடுத்தால் சாப்பிடுவாள், கண்ணயருவாள். சாயங்காலம் பிள்ளை முக்கில் தென்பட்டதுமே எழுந்துவிடுவாள். வீட்டுக்குள் பிள்ளை பாடம் படித்தால் வாசலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள், தூங்கினாலும் பார்த்துக்கொண்டு நிற்பாள். மழை பெய்தால் நனைந்துகொண்டு நிற்பாள். பேச்சு இல்லை. கால் இரண்டும் முழங்கால் வரைக்கும் வீங்கிவிட்டது. ஜெயசீலனைத் திரும்பக் கூட்டிவந்து கேட்டோம். இன்னொரு தாள் எழுதினால் இன்னொருத்தி வருவாள், இவள் இப்படியேதான் நிற்பாள் என்று சொல்லிவிட்டுப் போனார். அவரை அதற்கப்புறம் நாங்கள் பார்க்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நான் பால் சொசைட்டிக்குப் போனேன். அது அந்த முக்குத் திரும்பினதும் இருக்கிறது. சுவரை ஒட்டி, வெயிலில், கனிஷ்கா சம்மணம் போட்டு உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தது. பக்கத்தில் தண்ணீர் பாட்டிலும், இலையில் மடித்த ரெண்டு இட்லியும் இருந்தது. காலையிலிருந்தே அங்கேதான் இருக்கிறது என்றார் சொசைட்டிக்காரர். எல்லா லீவு நாளும் அப்படித்தானாம்.

"ஏம் பாப்பா, லீவு நாள்ல இங்க வந்து வெயில்ல காயற? வீட்டுக்குப் போலாமில்ல?" என்றேன்.

பிள்ளை நோட்டிலிருந்து தலையை எடுக்கவில்லை.

"நான் போனா அம்மா எந்திரிச்சுக்குவாங்க அத்தை. இன்னும் கொஞ்ச நேரம் உக்காரட்டும்."

நான் முக்கில் மெல்லத் தலையை நீட்டி எட்டிப் பார்த்தேன். சந்தின் கோடியில், வாசற்படிக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து, காலை நீட்டிப் பாவாயி தூங்கிக்கொண்டிருந்தாள். நான் திரும்பி வந்து, சேலை முந்தானையைப் பிள்ளையின் தலைக்கு மேலே விரித்துப் பிடித்துக்கொண்டு, அது எழுதி முடிக்கும் வரைக்கும் அங்கேயே நின்றேன்.